முன்னாள் படைவீரர்களின் மனநலமும் இசையும்

படைப்பணியிலிருந்து திரும்பியவர்கள் பாடுதல், கருவி பயிலுதல், கூட்டாகத் தாளமிடுதல் ஆகிய செயல்களின் வழியே மன உளைச்சலைக் குறைத்துக்கொள்ள உதவும் முறைகள் இசைவழி மனநல ஆதரவு எனப்படுகின்றன. இசையைக் கேட்பது இதில் ஒரு சிறு பகுதியே. இசையைத் தாமே உண்டாக்குவதுதான் இம்முறையின் மையம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர், நோயாளியின் நிலையை அறிந்து, குறிக்கோள் வகுத்து நடத்துவது இசைச் சிகிச்சை. இசையாசிரியர் நடத்தும் வகுப்பும், ஊரார் கூடிப் பாடும் பாட்டும் சிகிச்சை அல்ல. ஆயினும் அவற்றாலும் பயன் உண்டு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் இத்துறை பற்றிச் சொல்லப்படும் மிகைக் கூற்றுகளில் பாதியை எளிதாக விலக்கிவிடலாம்.

இம்முறையின் வரலாறு, அது செயல்படும் விதம், அதன் எல்லைகள் ஆகியவற்றையும், இசைமரபு செறிந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு உதவக்கூடிய வளங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

படைப்பணிக்குப் பின்

இந்தியத் தரைப்படையில் 2022-க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் பெறும் தகுதி அடைகிறார். எனவே பெரும்பாலோர் 35 முதல் 40 வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். மற்ற வேலைகளில் இருப்பவர் பதவி உயர்வை எதிர்பார்க்கும் வயதில் இவர் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' ஆகிவிடுகிறார். ஏ.டி.எம். காவல், வங்கிக் காவல், கிணற்றுப் பாசன வேளாண்மை என்று இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. விடியற்காலை எழுதல், அணிவகுப்பு, கூட்டு உணவு, ஒரே அறையில் பல மொழிக்காரருடன் வாழ்தல் என்று 15, 17 ஆண்டுகள் உடலில் ஊறிய ஒழுங்கு ஒரே நாளில் அறுந்துபோகிறது. போரையே பார்த்திராதவருக்கும் இந்த அறுபடல் உண்டு.

போர்முனை, கண்ணிவெடி, பனிச்சரிவு, தோழரின் இறப்பு ஆகியவற்றைக் கண்டவர்களில் சிலருக்கு இதற்கு மேலும் ஒரு சுமை சேர்கிறது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்த அந்நிலை, தமிழ்நாட்டில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்றும், இலங்கைத் தமிழில் 'நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்' என்றும் வழங்கப்படுகிறது. 'மனவடு' என்ற சொல் பொருத்தமானது. புண் ஆறியிருக்கும், தழும்பு மட்டும் தொட்டால் நோகும். கெட்ட கனவு, தூக்கமின்மை, நடந்ததே மீண்டும் நடப்பதுபோன்ற உணர்வு, எப்போதும் விழிப்பாகவே இருத்தல், சிறு ஒலிக்கும் திடுக்கிடுதல், நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல், அன்பு காட்ட முடியாமல் மரத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

தமிழக ஊர்களில் ஒலியைத் தவிர்ப்பது எளிதன்று. தீபாவளிப் பட்டாசு, கோயில் திருவிழா வேட்டு, கூம்பு ஒலிபெருக்கி, இறுதி ஊர்வலத்தில் வெடிக்கும் அதிர்வேட்டு என ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று வெடித்துக்கொண்டே இருக்கும். திருவிழா நாளில் வீட்டுக்குள் முடங்கிக் கதவைச் சாத்திக்கொள்ளும் முன்னாள் வீரரை 'மிலிட்டரிக்காரர் கொஞ்சம் கோபக்காரர்' என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும். அவரும் அதை மறுப்பதில்லை. கோபக்காரர் என்ற பெயர், மனநோயாளி என்ற பெயரைவிடச் சுமக்க எளிதானது. பலர் மருத்துவரிடம் போகாமல் மதுவிடம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்க இலக்கியத்தில் புண்ணும் பாட்டும்

போரில் புண்பட்டவரைச் சூழ்ந்து இசை எழுப்பும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 281-ஆம் பாடல் அரிசில் கிழார் பாடியது. காஞ்சித் திணையில், பேய்க்காஞ்சி என்னும் துறையில் அமைந்தது. ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவ இலையும் வேப்பிலையும் செருகி, யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்க, மையிட்டு, வெண்கடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பி, அரசனுக்கு வந்த இடரைத் தான் தாங்கிய தலைவனின் புண்ணைக் காக்கலாம் வா என்பதே அவள் கூற்று. வெள்ளைமாளர் பாடிய 296-ஆம் பாடலிலும் வேம்பு ஒடித்தல், காஞ்சி பாடுதல், கடுகு புகைத்தல் ஆகியவற்றால் ஊரின் எல்லா வீடுகளும் ஆரவாரமாக இருக்கும் காட்சி வருகிறது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம், புலி பாய்ந்து கணவர் மார்பில் உண்டான புண்ணைத் தணிக்கக் குறமகளிர் பாடும் பாட்டொலியை மலைநாட்டின் ஒலிகளுள் ஒன்றாகச் சொல்கிறது.

இதைக் கொண்டு 'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இசைச் சிகிச்சை செய்தனர்' என்று முழங்குவது மிகை. புண்பட்டவனைப் பேய் தீண்டும் என்ற நம்பிக்கையே இச்சடங்கின் அடிப்படை. தொல்காப்பியப் புறத்திணையியலும் இதைப் பேயோடு சேர்த்தே பேசுகிறது. ஆனால் சடங்கின் காரணத்தை விட்டுவிட்டு அதன் அமைப்பை மட்டும் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அடிபட்டவன் தனியே விடப்படவில்லை. மருந்துப்புகை ஒருபுறம், பாட்டு ஒருபுறம் என இரண்டும் சேர்ந்தே வந்தன. பாடியவர்கள் அவனுக்கு நெருங்கியவர்கள்.

புதுக்கோட்டைக்கும் சங்கப் பாடல்களில் இடம் உண்டு. இம்மாவட்டத்திலுள்ள ஒலியமங்கலமே சங்ககால ஒல்லையூர் என்று கருதப்படுகிறது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்று 242-ஆம் பாடலில், முல்லையை இனி இளைஞர் சூடமாட்டார், மகளிர் கொய்யமாட்டார். பாணனும் பாடினியும்கூடச் சூடமாட்டார் என்ற செய்தி வருகிறது. வீரன் மறைந்த துயரில் இசைவாணரும் பங்கு கொண்டனர். புதுக்கோட்டை நகருக்கு அருகேயுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் கிடைத்திருப்பதும், வீழ்ந்த வீரனை ஊர் நினைவில் வைத்திருந்ததற்குச் சான்று. வீழாமல் திரும்பி வந்தவனைப் பற்றிக் கல்வெட்டுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உலகப் போர்களிலிருந்து

முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான வீரர்கள் பேச்சிழந்தும் நடுங்கியும் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, அந்நிலைக்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் பரவியது. 1915-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இச்சொல்லை முதலில் அச்சேற்றியவர் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய உளவியலாளர். அவர் இசை ஆய்வாளரும்கூட. 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தவர்; 1911-இல் செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடர்களைப் பற்றி வெளியிட்ட நூலில் வேடர் இசை பற்றிய இயலை எழுதியவர். படைவீரரின் மனவடுவுக்குப் பெயர் தந்தவரும் வேடரின் பாட்டை ஆராய்ந்தவரும் ஒருவரே என்பது பலர் அறியாத தற்செயல்.

அதே போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். 1915-இல் அமைக்கப்பட்ட பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் அவர்களுடைய பேச்சையும் பாட்டையும் தட்டுகளில் பதிவு செய்தது. பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் அவை இன்றும் உள்ளன. ஆணையத்தின் நோக்கம் மொழியாய்வு. பாடியவரின் மனத்தை ஆற்றுவது அன்று. ஆயினும் ஊர் திரும்புவோமா என்று தெரியாத மனிதர்கள் அந்நிய மண்ணில் தம் தாய்மொழியில் பாடிய குரல்கள் அவை.

போர் முடிந்ததும் 1919-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஆண்டர்டன் என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞர் இசைச் சிகிச்சைப் பாடம் நடத்தினார். கனடிய வீரர்களிடையே பணியாற்றிய பட்டறிவு அவருக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945-இல், அமெரிக்கப் போர்த்துறை காயமுற்ற வீரர்களின் மறுசீரமைப்பில் இசையைப் பயன்படுத்துவது பற்றித் தனிச் சுற்றறிக்கையே வெளியிட்டது. மருத்துவமனைகளில் பாட வந்த கலைஞர்களுக்குப் பாடத் தெரிந்திருந்தது. நோயாளியைக் கையாளத் தெரியவில்லை. இந்தக் குறையே 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசைச் சிகிச்சைப் படிப்பு தோன்றவும், 1950-இல் அதற்கெனத் தேசியச் சங்கம் அமையவும் வழிவகுத்தது. இன்று குழந்தைகள் முதல் முதியோர் வரை பலருக்கும் பயன்படும் ஒரு துறை, படைவீரர் மருத்துவமனைகளின் தேவையால் உருப்பெற்றதாகும்.

இசை அறிந்தவர் எல்லோரும் அதனால் தேறிவிட்டனர் என்றும் இல்லை. ஆங்கிலக் கவிஞரும் இசையமைப்பாளருமான ஐவர் கர்னி 1915-இல் படையில் சேர்ந்து, 1917-இல் குண்டடியும் நச்சுவாயுத் தாக்குதலும் பட்டவர். போருக்கு முன்பே அவருக்கு மனத்தளர்ச்சி இருந்தது. 1922-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1937-இல் அங்கிருந்தபடியே மறைந்தார். அங்கும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இசை அவரைக் குணப்படுத்தவில்லை.

அண்மைக் கால முயற்சிகளில் பரவலாக அறியப்பட்டது அமெரிக்காவின் 'கிட்டார்ஸ் ஃபார் வெட்ஸ்'. வியட்நாம் போரில் பங்கேற்ற டான் வான் பஸ்கர்க் என்பவரும் அவருடைய கிட்டார் ஆசிரியர் பேட்ரிக் நெட்டஷைமும் 2007-இல் மில்வாக்கி நகரில் இதைத் தொடங்கினர். வாரம் ஒன்றாகப் பத்துப் பாடங்கள். முடிவில் வீரருக்குப் புதிய கிட்டார் ஒன்று சொந்தமாகிறது. பத்து வாரத்தில் யாரும் வித்துவான் ஆகிவிட முடியாது. அது அவர்கள் நோக்கமும் அன்று. பிரிட்டனில் காயமுற்ற, உடல்நலம் குன்றிய படைவீரர்களைக் கொண்ட இன்விக்டஸ் பாடகர் குழு 2016-இல் உருவானது.

எவ்வாறு உதவுகிறது

ஆபத்தை முன்கூட்டி உணர்த்தும் மூளைப்பகுதியான அமிக்டலா, மனவடு உடையவரிடம் ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. 'பயப்படாதே' என்று சொல்வதால் இது அடங்காது, ஏனெனில் இது சொற்களைக் கேட்டு இயங்கும் பகுதி அன்று. உடலின் வழியாகவே அதை அணுக வேண்டியிருக்கிறது.

பாடும்போது ஒருவர் சட்டென மூச்சை இழுத்து, ஓர் அடி முடியும்வரை மெதுவாக விடுகிறார். இப்படி நீண்ட வெளிமூச்சு, வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் சலித்துக்கொள்பவரும் பாட்டென்றால் அதைத் தெரியாமலேயே செய்துவிடுகிறார். தாளத்தில் வேறொரு பயன் உண்டு. அடுத்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். எதிர்பாராத ஒலியால் காயப்பட்ட ஒருவருக்கு, எதிர்பார்த்த நொடியில் எதிர்பார்த்தபடி விழும் ஒலி, அதுவும் தன் கையாலேயே எழும் ஒலி, பெரிய மாற்றம்.

இஸ்ரேலில் மோஷே பென்சிமோனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை நுட்பமாகக் காட்டுகிறது. மனவடு நோயுற்ற ஆறு வீரர்கள் குழுவாகப் பறைகளை முழக்கினர். தாங்கள் தனித்தவர்கள் அல்லர் என்ற உணர்வு, சினத்தை யாருக்கும் தீங்கின்றி வெளியேற்றும் வழி, தம்மைத் தாமே அடக்கியாள முடியும் என்ற நம்பிக்கை ஆகியவை அவர்களிடம் தோன்றின. அச்சுறுத்தாத முறையில் பழைய நினைவுகளை அணுகவும் முழக்கம் உதவியது. ஆறு பேரைக் கொண்ட ஆய்வு எதையும் நிறுவிவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும்.

லண்டனில் டெய்சி ஃபேன்கோர்ட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சேவை பெறுவோர் 10 வாரம் கூட்டாகப் பறையடித்தபின் மனச்சோர்வு சராசரியாக 38 விழுக்காடும் பதற்றம் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. அவர்கள் படைவீரர்கள் அல்லர். மனச்சோர்வுக்கான இசைச் சிகிச்சை பற்றி 2017-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, 421 பேரை உள்ளடக்கிய 9 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான மருத்துவத்துடன் இசைச் சிகிச்சையும் சேரும்போது குறுகிய காலத்தில் கூடுதல் பயன் உண்டு என்பது அதன் முடிவு. 'வழக்கமான மருத்துவத்துடன் சேரும்போது' என்பதே அதில் கவனிக்க வேண்டிய தொடர்.

கஞ்சிராவின் ஊர்

கூட்டுத் தாளத்துக்கு மேலைநாட்டுக் குழுக்கள் ஆப்பிரிக்காவின் ஜெம்பேயைத் தேடிப் போகின்றன. புதுக்கோட்டைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இன்று கருநாடக இசை மேடைகளில் காணப்படும் கஞ்சிரா, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரிக் கருவியாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அது பஜனையிலும் நாட்டுப்புறப் பாடலிலும் தட்டப்பட்ட எளிய கருவி. மான்பூண்டியா பிள்ளை அரண்மனையில் விளக்கு ஏந்தும் வேலையில் இருந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிறுவயது முதல் இசைக்குடும்பத்தில் வளர்ந்து பயின்றவர்களுக்கே இசை கைவரும் என்ற எண்ணத்துக்கு அவர் ஒரு மறுப்பு. அவருடைய மாணாக்கர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் தமிழகமெங்கும் பெயர் பெற்றார்.

பலாமரத்தில் கடைந்த ஒரு சாண் அளவு வளையம், ஒருபக்கம் தோல், வளையத்தின் பிளவில் சிறு உலோக வில்லைகள்: கஞ்சிரா இவ்வளவுதான். முன்பு உடும்புத்தோல் போர்த்தப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக்கியதால் இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. தோலின் உட்புறம் சிறிது நீர் தடவினால் நாதம் தாழும். ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்கலாம். விலை குறைவு, எடை குறைவு, பையில் அடங்கும். தவில்போல் காதைப் பிளக்காது. ஒலிக்கு அஞ்சும் ஒருவர் தொடங்குவதற்கு இது ஏற்ற கருவி.

கருவியே இல்லாமலும் தொடங்கலாம். தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்குக் குரலும் விரலும் போதும். ஆயிரக்கணக்கான காலைகளில் 'பாயே தாயே' என்று இடதுவலம் எண்ணி அணிநடை பயின்ற உடலுக்குத் தாளம் புதியதன்று. எட்டு எண்ணிக்கை ஆதிதாளத்தில் கூட்டத்தோடு ஒத்துப்போவது, படையில் கற்ற ஒழுங்கைத் துப்பாக்கி இல்லாமல் மீண்டும் தொட்டுப்பார்ப்பது போன்றது.

பறையையும் தப்பையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கூட்டு முழக்கத்துக்கு அவற்றைவிடச் சிறந்த கருவி தமிழகத்தில் இல்லை. ஆனால் ஊருக்குள் அவற்றை யார் தொடலாம், யாரைத் தொடச் சொல்வார்கள் என்பதில் சாதி இருக்கிறது. படையில் ஒரே தட்டில் உண்டவர்கள் ஊருக்குத் திரும்பியபின் அதே சமநிலையில் அமர்வதில்லை. இழவு வீட்டில் அடிக்கப் பணிக்கப்பட்ட கருவி என்ற நினைவு ஒருவருக்கு இழிவையும், அதை மீட்டெடுத்த கலைஞர் என்ற நினைவு இன்னொருவருக்குப் பெருமையையும் தரக்கூடும். குழு நடத்துபவர் இதைக் கேட்டறியாமல் பறையைக் கையில் திணிப்பது, ஆற்ற வந்த புண்ணில் இன்னொரு புண்ணைச் சேர்ப்பதாகும்.

சேர்ந்து பாடும் மரபு

தென்னிந்தியப் பஜனை மரபை வளர்த்தவர்களில் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதரும் சஞ்சீவி பாகவதரும் முன்வரிசையில் உள்ளவர்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திரும்பப் பாடும் இம்முறையில் பாட்டு தெரியாதவரும் ஐந்தாவது நிமிடத்தில் பாடிக்கொண்டிருப்பார். குரல் கெட்டவரின் பிசிறு கூட்டத்தில் கரைந்துவிடும். யாரும் தனியே எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மனநலக் குழுக்களில் பேசத் தயங்கும் வீரருக்கு இந்தக் கடைசிச் சலுகை முக்கியமானது.

படையிலும் இது புதிதல்ல. படைப்பிரிவுகளில் ஞாயிற்றுக்கிழமை 'மந்திர் பரேட்' நடக்கும், கூடிப் பாடுவார்கள். எல்லாச் சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் 'சர்வ தர்ம ஸ்தல்' பல முகாம்களில் உண்டு. ஆகவே கோயில் பஜனை மடத்தை மட்டும் இடமாகக் கொண்டால் ஆவூர்க் கிறித்தவரும் கோட்டைப்பட்டினத்து இசுலாமியரும் வெளியே நிற்க நேரும். பொது இடமும், கும்மி, தெம்மாங்கு, பழைய திரைப்பாடல் போன்று எவரும் சேரக்கூடிய பாட்டும் வேண்டும். 1960, 70-களின் திரைப்பாடல்களை ஏளனம் செய்யத் தேவையில்லை. பனிமலைக் காவல் அரணில் வானொலிப் பெட்டி வழியே ஊரைக் கொண்டுவந்து தந்தவை அவைதாம்.

குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையும் இங்கே குறிப்பிடலாம். சிகாநாத சுவாமி கோயிலின் பின்புறப் பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இதை மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரியதாகச் சொல்வோர் உண்டு. அதை ஏற்காத அறிஞரும் உண்டு. மாணவர் நன்மைக்காக ஓர் அரசன் செய்வித்தது என்று கல்வெட்டே கூறுகிறது. இதற்கும் மனநலச் சிகிச்சைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

எச்சரிக்கைகள்

இசை எப்போதும் இதமானதென்று கொள்வது தவறு. பறையொலி துப்பாக்கி ஒலியை நினைவூட்டக்கூடும். பென்சிமோன் ஆய்விலும் இது காணப்பட்டது. அங்கே சிகிச்சையாளர் உடனிருந்தார். பியூகிளின் இறுதி வணக்க இசை, இறந்த தோழனின் கைபேசியில் ஒலித்த பாட்டு, முகாமில் அடிக்கடி கேட்ட ஒரு மெட்டு என எது எவரை உலுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பாட்டைத் தேர்வு செய்யும் உரிமையும், பாதியில் எழுந்து வெளியே போகும் உரிமையும் வீரரிடமே இருக்க வேண்டும். கதவருகே இருக்கை கேட்பவருக்கு அதைக் கொடுப்பது நல்லது.

துப்பாக்கியும் பீரங்கியும் இயக்கியவர்களுக்குக் காது கேளாமையும் காதிரைச்சலும் பொதுவாகக் காணப்படுபவை. ஒலிபெருக்கி வேண்டாம். மேடை நிகழ்ச்சியாக்கிப் பொன்னாடை போர்த்தும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நலம். குடியரசு நாள் விழாவில் பாட வைப்பதற்காகத் தொடங்கப்படும் குழு, விழா முடிந்ததும் கலைந்துவிடும். இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல்களுக்கு மருத்துவச் சான்று இல்லை.

தற்கொலை எண்ணம், கடும் மதுப்பழக்கம், குடும்பத்தாரைத் தாக்குதல், இல்லாத குரல்கள் கேட்டல் ஆகியவை இருந்தால் முதலில் வேண்டியது மனநல மருத்துவர். மருந்தையும் உளவியல் சிகிச்சையையும் நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வருவது ஆபத்து.

உதவி கிடைக்கும் இடங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் முன்னாள் படைவீரருக்கான முதல் தொடர்பு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, விதவையர் உதவி ஆகியவற்றுக்காக எப்படியும் அங்கே போகத்தான் வேண்டியிருக்கிறது. எனவே மனநலம் பற்றிய பேச்சைத் தொடங்க அதைவிடத் தயக்கம் குறைந்த இடம் இல்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் (இ.சி.எச்.எஸ்.) சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் மாவட்ட மனநலத் திட்டத்தையும் அணுகலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான அதன் தனிப்பிரிவு 2023 டிசம்பரில் புனே படைமருத்துவக் கல்லூரியில் ஏற்பட்டது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

இசைச் சிகிச்சைப் பயிற்சிக்கு அருகிலுள்ள இடம் புதுச்சேரி. அங்குள்ள ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் 2010 முதல் இசைச் சிகிச்சைக் கல்வி, ஆய்வு மையம் இயங்குகிறது. சென்னையிலும் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன.

இசை கற்கும் இடம் என்று வரும்போது ஓர் இடைவெளி தென்படுகிறது. புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், மிருதங்கம், வயலின் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இப்பள்ளிகள் 12 முதல் 25 வயது வரையிலானோருக்கு உரியவை. 38 வயதில் ஊர் திரும்பும் அவில்தார் அங்கே மாணவராகச் சேர முடியாது. தன் மகளைச் சேர்க்கலாம். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த வயது வரம்புக்குள் வருவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. வேலை தேடும் அவசரம் இருக்கும். மூன்றாண்டுப் படிப்பு அவர்களுக்கும் பொருந்துமா என்பது ஐயமே. பள்ளிக்கட்டடம் ஓய்ந்திருக்கும் மாலை வேளையில் வாரம் ஒருமுறை, சான்றிதழும் தேர்வும் இல்லாத ஒரு கஞ்சிரா வகுப்போ பாட்டுக் குழுவோ நடத்த வேண்டுமானால் தேவைப்படுபவை ஓர் ஆசிரியர், மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வந்து உடனிருக்கும் ஓர் ஆலோசகர், சில பாய்கள், ஏழெட்டுக் கஞ்சிராக்கள்.